இரட்டைத் தோணியில் நான்கு நாள்

கடற் பிரயாணம் என்றதும் சிலருக்கு முத்தும் பவளமும் ஞாபகத்துக்கு வரும். சிலருக்குக் கொலம்பஸ் ஞாபகத்துக்கு வருவார். நமக்கு ஞாபகம் வருவது எலுமிச்சம்பழந்தான். பல வருஷங்களுக்கு முன்னால் சிறிய பாய்க்கப்பல் ஒன்றில் ஏறிய நாம், ஏறின அரை மணிக்கெல்லாம் படுத்துவிட்டோம். கரை சேரும் வரையில் வானத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கிடந்தோம். இனி நம் ஜன்மத்தில் பாய்க்கப்பலில் கால் வைப்பதில்லை என்று அன்று ஒரு சங்கல்பம் செய்துகொண்டோம். அந்தச் சங்கல்பத்தைச் சீஷெல்ஸ் தீவுகளில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஓர் ஆகஸ்டு மாதத்தில் உடைத்துவிட்டார்.

சீஷெல்ஸ் என்பது இந்து மகாசமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட தேசம். அவற்றில் பெரியது மாஹே. அதன் தலைநகரமாகிய விக்டோரியாவில் தமிழர்கள் பலர் வியாபாரம் செய்கிறார்கள். 1992-இல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயிலின் கோபுரம் கடைவீதியிலிருந்தே கண்ணில் படுகிறது. நண்பரும் அங்கே கடை வைத்திருப்பவர். அவருடைய தாயாருக்கு எழுபது வயது நிறைந்திருந்தது. "பிராலின் தீவிலுள்ள கடல் தேங்காய்க் காட்டை அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள். நீங்களும் சம்சாரத்தை அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

மாஹேயிலிருந்து பிராலினுக்கு வேகக் கப்பல் ஒன்று ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அதில் போவதுதானே என்று கேட்டோம். அம்மாள் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்:

"தம்பி, நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். என் தகப்பனார் துறைமுகத்தில் கணக்கு எழுதினார். விடியற்காலையில் கட்டுமரங்கள் புறப்படுவதைத் தினமும் பார்ப்பேன். நானும் ஏறுகிறேன் என்று ஒரு நாள் அடம் பிடித்தேன். பெண்பிள்ளை மரத்தில் கால் வைக்கக் கூடாது என்று விரட்டிவிட்டார்கள். இங்கே என்னடாவென்றால், துறை முழுவதும் கட்டுமரம் கட்டுமரம் என்று அதையே சொல்கிறார்கள். ஒரு தடவையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டாமா?"

இதைக் கேட்ட பிறகு யார்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ரண சிகிச்சை செய்து ஒருவாறு கூடியிருந்தது. மறுபடி ஒரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது துர்லபம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே, நாம் ஏறப்போகும் கப்பல் ஆடுமா, சாயுமா என்பது வெறும் சௌகரியத்தைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

சாதாரணப் பாய்க்கப்பலுக்கு உடல் ஒன்றுதான். அடியில் ஈயமோ இரும்போ கட்டிக் கனம் ஏற்றியிருப்பார்கள். காற்று பாயைத் தள்ளும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அடியிலுள்ள கனம் அதை நிமிர்த்தப் பார்க்கிறது. இந்த இழுபறியிலேயே பிரயாணம் முழுவதும் நடக்கும். உள்ளே இருப்பவர்கள் சுவரில் பாதியும் தரையில் பாதியுமாகக் கால் வைத்து நடக்க வேண்டும். அடுப்பைக் கூட ஊஞ்சல் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் குழம்பு சமையற்காரர் மடியில் இருக்கும்.

'கட்டமரான்' என்று இப்போது உலகமெல்லாம் சொல்லுகிற கப்பலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒல்லியான இரண்டு உடல்களை எட்ட எட்ட நிறுத்தி, மேலே ஒரு மேடையால் இணைத்திருக்கிறார்கள். காலை அகட்டி வைத்து நிற்பவனைத் தள்ளுவது கடினம் அல்லவா? அதே சூக்ஷ்மந்தான். அடியில் ஈயம் வேண்டாம். அகலமே அதற்குப் பலம்.

விக்டோரியாவுக்கு அருகே கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஈடன் தீவில் நம் கப்பல் கட்டியிருந்தது. 60 அடி நீளம், 32 அடி அகலம். "இதில் ஒரு கல்யாணமே நடத்தலாமே!" என்றாள் நம் இல்லாள். வாஸ்தவந்தான். பின்பக்கத்தில் இரண்டு உடல்களும் படிக்கட்டுகளாக இறங்கித் தண்ணீரைத் தொடுகின்றன. குளத்துப் படித்துறை மாதிரி அதில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். படியேறினால் கூரை வேய்ந்த ஒரு தாழ்வாரம். பத்துப் பேர் சாப்பிடக்கூடிய மேஜை. அங்கிருந்து ஒரே மட்டத்தில், வாசற்படி கூடத் தடுக்காமல், நடுக்கூடத்துக்குள் போய்விடலாம். கூடத்தைச் சுற்றிலும் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே நான்கு திக்கிலும் கடல் தெரிகிறது. சமையலறையும் அங்கேயே. ஒற்றை உடல் கப்பலில் சமைப்பவர் கிணற்றுக்குள் இறங்கியவர் போல் அடித்தளத்தில் வெந்துகொண்டிருப்பார். இதிலே அவர் ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே தாளிக்கலாம். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே கட்டமரானை அமைத்தவர்களுக்குக் குடும்ப ஸ்திரீகள் சார்பில் வந்தனம் சொல்லலாம்.

கூடத்தின் இரு பக்கமும் நாலைந்து படி இறங்கினால் இரு உடல்களின் உட்புறம். ஒவ்வொன்றிலும் மூன்று படுக்கையறை. ஒவ்வொரு அறைக்கும் தனி ஸ்நான அறை. அகலம் குறைவுதான், ரயில் வண்டியில் முதல் வகுப்புக் கூண்டைப் போல் இருக்கிறது. இந்தப் படிகள்தாம் அம்மாளுக்குக் கஷ்டம். ஆகவே நடுக்கூடத்து மேஜையைத் தாழ்த்தி, மெத்தை போட்டு, அவருக்கு அங்கேயே படுக்கை அமைத்துக் கொடுத்தோம். முன்பக்கத்தில் இரு முகப்புகளுக்கு நடுவே பலகை இல்லை. உறுதியான வலையைக் கட்டியிருக்கிறார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் தங்காமல் வடிந்துவிடும். அதில் படுத்துக்கொண்டு கீழே ஓடும் கடலைப் பார்ப்பது ஒரு சுகம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், கூரை மேல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகள், பனிப்பெட்டி எல்லாம் இருந்தன.

இவ்வளவு இருந்தும் நண்பர் வீட்டார் ஒரு மூட்டை அரிசியும், மாவு அரைக்கும் கிரைண்டரும் கொண்டு வந்திருந்தார்கள். காப்டன் அந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசாத மனிதர். கிரைண்டரைப் பார்த்ததும் அவருக்கும் பேச்சு வந்துவிட்டது.

"ஐயா, இந்த உடல்கள் ஒல்லியானவை. அதனால்தான் தண்ணீரைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகின்றன. பாரம் ஏற ஏற அவை அமிழும். வேகம் குறையும். நடுமேடையும் தண்ணீருக்குக் கிட்டே வந்துவிடும். மேடைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் இந்தக் கப்பலுக்கு மூச்சு" என்றார்.

நண்பர் யோசித்தார். அரிசி மூட்டை பாதியாயிற்று. கிரைண்டர் மட்டும் அம்மாளின் உத்தரவினால் ஏறிவிட்டது.

புறப்படும்போது அம்மாள் கப்பலை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் கட்டியிருக்கிற மரம் எங்கே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த உடல். மருந்துக்குக்கூட மரம் கிடையாது, கயிற்றுக் கட்டும் கிடையாது. நம் கடற்கரைக் கட்டுமரமோ லேசான மரத்துண்டுகள் சிலவற்றை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்தது. உள்ளே வெற்றிடமே இல்லை. டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி அதைச் சோழமண்டலக் கரையில் பார்த்து, 1697-இல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் எழுதினார். அதன் பிறகு பெயர் மேல்நாட்டில் ஊன்றியது. இரண்டு தோணிகளைப் பிணைத்துப் பாய் விரிக்கும் வித்தையோ பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீஷியருக்குச் சொந்தமானது. அவர்கள் அத்தகைய தோணிகளிலேயே அந்த மகாசமுத்திரத்தில் தீவு தீவாகக் குடியேறினார்கள். 1976-இல் ஹவாய்த் தீவினர் 'ஹொக்குலேயா' என்ற இரட்டைத் தோணியைக் கருவி ஏதும் இல்லாமல், நக்ஷத்திரங்களையும் அலைகளையும் பார்த்தே டஹிட்டி வரையில் செலுத்திக் காட்டினார்கள். அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்பு, 1876-இல், ஹெர்ரெஷாஃப் என்ற அமெரிக்கர் தாம் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். அது மற்றப் படகுகளை வெகு தூரம் பின்னால் தள்ளிவிட்டது. உடனே, இந்த ஜாதிப் படகு பந்தயத்துக்கே ஆகாது என்று விலக்கிவிட்டார்கள்! ஆக, பெயர் நம்முடையது, உருவம் பாலினீஷியருடையது, இன்று கட்டி விற்பவர்களில் முக்கியமானவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அம்மாளுக்கு இதையெல்லாம் சொன்னோம். "பெயராவது நம்முடையதாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை உள்ளே வைக்கச் சொன்னார்.

ஆகஸ்டில் அந்தக் கடலில் தென்கிழக்குக் காற்று ஒரே சீராக அடிக்கும். நாம் போக வேண்டியதோ வடகிழக்கே. காற்று பக்கவாட்டில் வருகிறது. கட்டமரானுக்கு இதைவிட உகந்தது இல்லை. பாய் ஏறியதும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தை எழுத்தில் கொண்டுவர நமக்குச் சக்தி போதாது. கப்பல் 9 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 17 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிற்று. மேஜை மேல் வைத்த காபித் தம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சமையலறையில் கொடுத்துவிட்டோம்; மத்தியானம் அது சாதத்தில் வந்தது.

மூன்று மணி நேரத்துக்குள் பிராலினின் வடமேற்கிலுள்ள ஆன்ஸ் லாஸியோ என்ற வளைகுடாவில் நங்கூரம் பாய்ச்சினோம். அடியில் வெகு ஆழம் செல்லும் கனம் இல்லாததால், கப்பலுக்கு ஐந்தடித் தண்ணீர் போதும். கரைக்குச் சமீபமாகவே நிற்கலாம். உருண்டு திரண்ட கருங்கற் பாறைகள், வெண்மணல், தென்னை. ராத்திரி ஒற்றை உடல் கப்பல் ஒன்று பக்கத்தில் நின்றது. சிற்றலைக்கெல்லாம் அதன் பாய்மரம் கடிகாரப் பெண்டுலம் போல் இப்படியும் அப்படியும் ஆடியதைப் பார்த்துக்கொண்டே நாம் இட்டிலி சாப்பிட்டோம். கிரைண்டர் தன் பாரத்துக்கு ஈடு செய்துவிட்டது.

மறுநாள் வல்லே த மே என்னும் காட்டைப் பார்த்தோம். யுனெஸ்கோ ஸ்தாபனம் 1983-இல் அதை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக்கிற்று. சந்நியாசிகள் ஏந்தும் கப்பரை எந்த மரத்தில் காய்க்கிறது என்று அங்கேதான் கண்ணாரக் கண்டோம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; உலகத்து விதைகளிலெல்லாம் பெரியது அதன் விதை. அம்மாள் ஒரு கொட்டையைத் தூக்கிப் பார்க்க முயன்றார். மூன்று பேர் ஓடிப் போய்த் தடுத்தோம். இந்தக் காட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மூன்றாம் நாள்தான் கட்டமரானின் மறுபக்கம் தெரிந்தது. ஆன்ஸ் லாஸியோவிலிருந்து லா டீக் தீவு தென்கிழக்கே. காற்று வருவதும் அங்கிருந்தே. எந்தப் பாய்க்கப்பலும் காற்றுக்கு நேரே போக முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒற்றை உடல் கப்பல் அடிக்கனத்தின் பிடிப்பினால் காற்றை நெருங்கிச் செல்லும். நம்முடைய கப்பலோ நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் வழுக்கிற்று. போதாக்குறைக்கு, எதிரே வந்த அலைகள் இரண்டு உடல்களுக்கு நடுவே புகுந்து மேடையின் அடியில் அறைந்தன. 'தொம்' என்று ஒரு சத்தம், தரை அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கின. பெரிய மத்தளத்துக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சாயவில்லை, ஆனால் வெடுக்கு வெடுக்கென்று இழுத்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்த காப்டன், பாயைச் சுருட்டிவிட்டு இரண்டு இயந்திரங்களையும் முடுக்கினார். கட்டமரான்காரர்கள் இதை விளம்பரத்தில் போடுவதில்லை. நம் இல்லாள் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டாள். சாதத்தில் பிழிந்தாயிற்று என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் லா டீக்கிலிருந்து மாஹேக்குத் திரும்பினோம். ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். மறுபடியும் பக்கக் காற்று. 20 நாட் அடித்தது. முதல் நாள் போலவே சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, காப்டன் திடீரென்று பாயை இரண்டு மடிப்புச் சுருக்கச் சொன்னார். வேகம் 9-லிருந்து 6-க்கு இறங்கிற்று. நண்பருக்குப் பொறுக்கவில்லை.

"காப்டன், வானம் வெளுப்பாகத்தானே இருக்கிறது? கப்பல் ஓர் அங்குலம் கூடச் சாயவில்லையே. ஏன் சுருக்குகிறீர்கள்?"

"சாயவில்லை. அதுதான் பயம்" என்றார் காப்டன்.

சுக்கானுக்கு அருகே ஒட்டியிருந்த ஓர் அட்டவணையைக் காட்டினார். இத்தனை நாட் காற்றுக்கு இத்தனை மடிப்பு என்று அதில் எழுதியிருந்தது. அவர் விளக்கியதன் சாரம் இது: காற்று பலத்தால் ஒற்றை உடல் கப்பல் சாய்ந்து, 'போதும், போதும்' என்று கெஞ்சும். சாயச் சாயப் பாயிலிருந்து காற்றும் வழிந்து போகும். ஒருகால் படுத்துவிட்டாலும் அடியிலுள்ள ஈயம் அதைத் தூக்கி நிறுத்திவிடும். கட்டமரான் அப்படிக் கெஞ்சாது. நிமிர்ந்தபடியே அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும். காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் கட்டம் வந்துவிட்டால், அதற்கு மேல் நிமிர்த்தும் சக்தி குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்தால் தானாக நிமிராது. தலைகீழாக மிதப்பதிலும் அதற்கு அதே ஸ்திரம்! பெரும்பாலும் மூழ்காது என்பதுதான் ஆறுதல். இத்தகைய கப்பல்களின் உடலில் தப்பி வெளியேறும் கதவு ஒன்று வைத்திருப்பது இதற்காகத்தான். பெரிய கட்டமரான்கள் கவிழ்வது மிகவும் அபூர்வம். அப்படி அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், ஓட்டுகிறவர்கள் உடம்பின் உணர்ச்சியை நம்பாமல் காற்றுமானியை நம்புவதுதான்.

அவர் காட்டிய திசையில், தெற்கே கடலின் மேல் சாம்பல் நிறமாக ஒரு திரை தொங்கிற்று. பத்து நிமிஷத்துக்குள் அது நம் மேல் வந்துவிட்டது. மழை கண்ணாடிகளில் மண்ணை வாரி இறைத்தது போல அடித்தது. பாய்மரத்துக் கம்பிகள் ஊளையிட்டன. நாம் காற்றுமானியையே பார்த்துக்கொண்டிருந்தோம்: 24, 29, 33. காற்றின் தள்ளும் பலம் அதன் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அன்றுதான் அது வயிற்றில் பட்டது. 20 நாட் காற்று 28 ஆனால் தள்ளுகிற பலம் ஏறக்குறைய இரட்டிப்பு. நண்பர் காப்டனையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. 37 என்று காட்டிய க்ஷணத்தில் காப்டன் கப்பலைக் காற்றோடு சற்றே திருப்பினார். முழுப்பாயோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தோம். அம்மாள் மெத்தையில் சாய்ந்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார்; அது அசையவில்லை.

"நல்ல மழை போலிருக்கிறதே?" என்றார்.

கால் மணி நேரத்தில் திரை விலகி வெயில் அடித்தது. நடந்ததைச் சொன்னதும் அம்மாள் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்:

"எங்கள் ஊரில் கட்டுமரம் கவிழ்வதை நானே கரையிலிருந்து பார்த்திருக்கிறேன், தம்பி. ஆள் தண்ணீரில் விழுவான். இரண்டு பேருமாக மரத்தைப் புரட்டிப் போட்டு, அதன் மேலேயே ஏறிக்கொள்வார்கள். அன்றைக்கே மறுபடி போவார்கள். ஆனால் எந்நேரமும் முழங்கால் வரை ஈரம். அலை ஏறுவது காலுக்குத் தெரியும். எனக்கு இங்கே ஒன்றுமே தெரியவில்லையே!"

இந்த வார்த்தையில் குறை சொல்லும் தொனி இருந்ததா என்று நம்மால் நிச்சயிக்க முடியவில்லை. நம்மைப் பொறுத்தவரையில், எழுபது வயது மூதாட்டியை நான்கு நாள் கடலில் வைத்திருந்து, ஒரு தடவைகூட அவர் கால் தடுமாறாமல் கொண்டுவந்து சேர்த்த கப்பலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காப்டனை மட்டும் முன்னைவிட மரியாதையுடன் பார்க்கத் தொடங்கினோம். நண்பர் அவர் அருகே போய் மெதுவாக ஏதோ சொன்னார். காப்டன் தலையை அசைத்துவிட்டுச் சுக்கானைப் பார்த்துக்கொண்டார்.

ஈடன் தீவில் கப்பலை நிறுத்திய விதம் வேடிக்கையாக இருந்தது. இரண்டு உடல்களிலும் தனித்தனி இயந்திரம். ஒன்றை முன்னாலும் மற்றொன்றை பின்னாலும் ஓட்டினால், இவ்வளவு பெரிய கப்பல் நின்ற இடத்திலேயே பம்பரம் போல் திரும்புகிறது. அகலம் அதிகமாகையால் பல துறைகளில் இதற்கு வாடகையும் ஒற்றை உடல் கப்பலைவிட அதிகமாம். அகட்டி உட்காருகிறவன் ரயிலில் இரண்டு டிக்கட் வாங்க வேண்டியதுதானே!

படியில் இறங்க அம்மாளுக்கு நாம் கை கொடுத்தோம். கரையில் கால் வைத்ததும் அவர் திரும்பி ஒரு முறை கப்பலைப் பார்த்தார்.

"ஏண்டா, நாகப்பட்டினத்தில் இப்போது கட்டுமரம் இருக்கிறதோ?"

"பெரும்பாலும் பைபர் படகுதான் அம்மா. மரம் கட்டுகிறவர்கள் வெகு குறைவு" என்றார் நண்பர்.

"அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அம்மாள் கைத்தடியை வாங்கிக்கொண்டார். பிறகு கப்பற் பக்கம் திரும்பி, கிரைண்டரை ஜாக்கிரதையாக இறக்கும்படி ஆட்களுக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்.